சுவரிலிருந்து காட்சிக்கூடத்துக்கு: கிராஃபிட்டி ஓவியர்களுக்கான வழிகாட்டி

தெருச் சுவரில் பெயரெடுத்த ஓவியர் ஒருவருக்குக் காட்சிக்கூடத்தில் இடம் கிடைக்கப்போகிறது என்றவுடன் முதலில் தோன்றும் யோசனை, சுவரில் வரைந்ததையே கேன்வாஸில் சிறிதாக வரைந்துவிடலாம் என்பதுதான். அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. பேருந்தில் போகிறவர் கண்ணில் சில நொடிகள் பட்டு மறைவதற்காக மூன்று மாடி உயரத்தில் தீட்டப்பட்ட எழுத்து, வெள்ளைச் சுவரில் மாட்டப்பட்டு ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து நிதானமாகப் பார்க்கப்படும்போது வெறும் அலங்கார எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அளவு, வேகம், தெருவின் இரைச்சல், பிடிபடுவோமோ என்ற பதற்றம் ஆகியவற்றில் எதுவும் கேன்வாஸோடு கூட வருவதில்லை. ஆகவே காட்சிக்கூடத்தை அணுக நினைப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, சுவரை எடுத்துவிட்டால் என் படைப்பில் என்ன மிஞ்சுகிறது என்பதே. கீழே சொல்லப்படும் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் பயன்தரும்.

இதை உறுதிப்படுத்தும் வரலாறு உண்டு. நியூயார்க் சுரங்க ரயில்களில் வரைந்துகொண்டிருந்த லீ கினோனெஸும் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடியும் 1979இலேயே ரோம் நகரில் ஒரு காட்சிக்கூடத்தில் தங்கள் ஓவியங்களை வைத்தார்கள். 1981இல் பேட்டி ஆஸ்டரும் பில் ஸ்டெல்லிங்கும் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் ஃபன் கேலரி என்ற சிறிய கூடத்தைத் தொடங்கினார்கள். 1983இல் ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் கிராஃபிட்டி கண்காட்சி ஒன்றை நடத்தியது; அதே ஆண்டு டிசம்பரில், நவீன ஓவியத்தின் பெரும் பெயர்களான மோண்ட்ரியானையும் பொல்லாக்கையும் காட்சிப்படுத்திய சிட்னி ஜானிஸ் காட்சிக்கூடம் ‘போஸ்ட்-கிராஃபிட்டி’ என்ற தலைப்பில் கிராஃபிட்டி ஓவியர்களின் கேன்வாஸ்களை மாட்டியது. ஆனால் ஃபன் கேலரி 1985இல் மூடப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கச் சேகரிப்பாளர்களில் பெரும்பாலோரின் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த அலை வடிந்த பிறகும் நின்றவர்களின் கேன்வாஸ்களைப் பார்த்தால், அவை ரயில் பெட்டியின் நகலாக இல்லாமல் தம்மளவில் நிற்பதைக் காணலாம்.

அனுமதியும் பதிவேடும்

சொந்தக்காரரின் சம்மதமின்றி அவருடைய சுவரில் வரைவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். காட்சிக்கூடத்தின் வாசலுக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு தீராமல் தொடரக்கூடும். அமெரிக்கத் தெரு ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி 2009 பிப்ரவரியில், பாஸ்டனின் தற்காலக் கலை நிறுவனத்தில் நடக்கவிருந்த தமது கண்காட்சியின் தொடக்க நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில் கைது செய்யப்பட்டார். அது அவருக்கு விளம்பரமாகவும் முடிந்தது என்பார்கள். ஒபாமாவின் தேர்தல் சுவரொட்டியை வரைந்து உலகறிந்தவராக இருந்தவருக்கு அப்படி முடியலாம். முதல் கண்காட்சிக்குக் காத்திருப்பவருக்கு அது வழக்கறிஞர் செலவாக மட்டுமே முடியும்.

அனுமதியை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். சுவர் இருக்கும் இடம், வரையும் நாள்கள், ஒப்புக்கொள்ளப்பட்ட முன்வரைவு, பெயின்ட்டுக்கும் சாரத்துக்கும் செலவழிப்பவர், ஓவியம் எவ்வளவு காலம் இருக்கும், அழிப்பதற்கு எத்தனை நாள் முன்னால் தகவல் தர வேண்டும், படைப்பின் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்ற வாசகம் ஆகிய இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தின் மதிப்பு என்ன என்பதை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்தின் கதை காட்டும். உரிமையாளரின் சம்மதத்தோடு பல ஆண்டுகளாக ஓவியர்கள் வரைந்துவந்த அந்தக் கட்டடத்தின் சுவர்கள் 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடிக்கப்பட்டன. ஓவியர்கள் 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்கைத் தொடர்ந்தார்கள்; 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களின் 45 படைப்புகளுக்கு, படைப்புக்கு 1,50,000 டாலர் வீதம், மொத்தம் 67,50,000 டாலர் இழப்பீடு விதித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அழிக்கப்பட்ட படைப்புகள் மதிப்பு பெற்றவைதாம் என்பதை ஓவியர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தவை அவர்கள் வைத்திருந்த புகைப்படங்களும், ஊடகச் செய்திகளும், தொழில்வாழ்க்கைக் குறிப்புகளும், நிபுணர் சாட்சியமும்தான். சுவர் போய்விட்டது, கோப்பு இருந்தது.

எனவே பதிவேடு ஒன்றை இன்றே தொடங்குங்கள். தேதி, இடம், உயரம், அகலம், பெயின்ட்டின் வகை, அனுமதி தந்தவர், உடன் வரைந்தவர்கள், அழிந்த தேதி என ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வரி போதும். புகைப்படம் இதைவிட முக்கியம். 1970களின் இறுதியிலும் 1980களிலும் ரயில்களில் வரையப்பட்ட ஓவியங்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ கழுவப்பட்டுவிட்டன. இன்று அவற்றைப் பற்றி நாம் பேச முடிகிறது என்றால் அதற்கு மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் போன்றவர்களின் கேமராக்களே காரணம். சால்ஃபன்ட் எதிர் நடைமேடையில் நின்று, பெட்டி நகர்ந்து போவதற்குள் பக்கவாட்டில் நகர்ந்தபடியே அடுத்தடுத்துப் படமெடுத்து, பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டி முழுப் பெட்டியையும் நேராகக் காட்டினார். கீத் ஹேரிங் சுரங்க ரயில் நிலையங்களில் வரைந்தவற்றை அவருடைய நண்பர் செங் குவாங் சீ தொடர்ந்து படமெடுத்து வந்தார்.

நீங்களும் இதே ஒழுங்கோடு எடுக்க வேண்டும். மேகமூட்டமான நாளின் சீரான வெளிச்சமே சுவருக்கு ஏற்றது. உச்சி வெயிலில் செங்கலின் ஒவ்வொரு மேடும் நிழல் போட்டு வண்ணத்தைக் கெடுக்கும். கேமராவைச் சுவரின் நடுப்பகுதிக்கு நேராக, சாய்வில்லாமல் வையுங்கள். முழு ஓவியம் ஒன்று, ஓவியத்தோடு தெருவும் தெரியும் படம் ஒன்று, அளவு புரிவதற்காக ஓர் ஆள் நிற்கும் படம் ஒன்று, கைத்திறன் தெரியும் நெருக்கமான படங்கள் இரண்டு என எடுத்துவிட்டு, சாரத்தை அவிழ்த்த அன்றே வேலையை முடித்துவிடுங்கள். மறுநாள் அதன்மேல் வேறு யாரோ பெயர் எழுதியிருக்கலாம். கைபேசியில் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் ஏற்றிய சுருக்கப்பட்ட படம், பின்னாளில் அச்சுக் கையேட்டுக்கு உதவாது. மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

எது மிஞ்சுகிறது?

இருபது சுவர்களின் படங்களை அஞ்சலட்டை அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு மேசைமேல் பரப்புங்கள். அளவும் வண்ணமும் இடமும் ஒரே நேரத்தில் பறிபோன நிலையில், அவற்றில் எதெல்லாம் இன்னும் பார்க்கத் தூண்டுகிறது? கிராஃபிட்டி உலகத்தோடு தொடர்பில்லாத ஒருவரை அழைத்து, ஒரே கை வரைந்தவை என்று தோன்றுபவற்றை ஒன்றுசேர்க்கச் சொல்லுங்கள். அவர் எதைப் பார்த்துச் சேர்த்தார் என்று விசாரித்தால் வரும் பதில், நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. எழுத்தின் வடிவம் என்று நீங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் உருவங்களின் கைகளைச் சொல்லுவார்.

ஒவ்வொரு ஓவியருக்கும் மிஞ்சியது வெவ்வேறாக இருந்திருக்கிறது. ஹேரிங் 1980 முதல் 1985 வரை, விளம்பரக் காலம் முடிந்த பலகைகளின்மேல் ஒட்டப்பட்டிருந்த கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தார். சாக்பீஸ் கோட்டை அழித்துத் திருத்த நேரமில்லை. ஒரே இழுப்பில் உருவம் முழுமையாக வந்துவிட வேண்டும். அந்தத் தயக்கமற்ற கோடுதான் 1982இல் டோனி ஷஃப்ராசி காட்சிக்கூடத்துக்குள் அவரோடு வந்தது. தாளும் சாக்பீஸும் வெளியிலேயே நின்றுவிட்டன. பாஸ்கியா ‘சாமோ’ என்ற பெயரில் நண்பர் ஆல் டியாஸுடன் சேர்ந்து மன்ஹாட்டன் சுவர்களில் எழுதியவை படங்களே அல்ல, குத்தலான வாசகங்கள். கேன்வாஸுக்கு வந்தபோது அந்த வாசகங்களை அவர் அப்படியே கொண்டுவரவில்லை. சொற்களை அடுக்குவதும் அடிப்பதும் மட்டும் தங்கி, அவற்றைச் சுற்றி முற்றிலும் புதிதான ஓவியம் ஒன்று எழுந்தது.

போர்ச்சுகலைச் சேர்ந்த வீல்ஸ் எடுத்துச்சென்றது உருவத்தையோ கோட்டையோ அல்ல, வேலை செய்யும் முறையை. வெளியே சுவரின் பூச்சைக் கொத்தி, உள்ளிருக்கும் அடுக்குகளால் முகங்களை உருவாக்குபவர் அவர். கூடத்துக்குள் அதே வேலையைப் பழைய கதவுகளிலும், தெருவிலிருந்து எடுத்த பல அடுக்குச் சுவரொட்டிகளிலும் செய்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் பேரி மெகீ சிறு சிறு சட்டகங்களைக் கொத்தாகச் சேர்த்து மாட்டி, பல கைகள் படும் ஒரு சுவரின் நெருக்கத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். இந்த இருவரும் எனக்கு ஹேரிங்கைவிட நல்ல பாடமாகப் படுகிறார்கள். ஏனெனில் பிறவித் திறனைக் கடன் வாங்க முடியாது, சிந்திக்கும் வழியைக் கற்றுக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருவின் வாசனை வர வேண்டும் என்பதற்காகக் கேன்வாஸின் பின்னணியில் செங்கல் வரிசையை வரைந்து, அதன்மேல் ஸ்டென்சில் (வெட்டிய அச்சுத்தாள்) உருவத்தை அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது அலங்காரப் பொருள் கடையில் விற்கும். கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒருவரின் கண்ணில் பட்டால் அடுத்த படத்தை அவர் திறந்தும் பார்க்க மாட்டார்.

மிஞ்சுவது என்னவென்று தெரிந்த பிறகு, அதை மட்டும் வைத்துப் பத்துப் பன்னிரண்டு படைப்புகள் கொண்ட ஒரு தொடரை உருவாக்குங்கள். தனித்தனியாகச் சிறந்த பத்துப் படங்களைவிட, ஒன்றையொன்று வளர்த்துச் செல்லும் பத்துப் படங்களையே காட்சிக்கூடம் தேடுகிறது.

ஸ்டூடியோவில் மாறும் கைப்பழக்கம்

திறந்த வெளியில் வரைந்து பழகியவர் அறைக்குள் வந்தவுடன் முதலில் மாற்ற வேண்டியது மூச்சுவிடும் முறையை. ஸ்ப்ரே பெயின்ட்டின் கரைப்பான் ஆவியைச் சாதாரணத் தூசி முகமூடி தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் தேவை. அறையின் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். வடிகட்டியின் ஆயுள் முடிந்தால் பெயின்ட்டின் மணம் உள்ளே வரத் தொடங்கும். ஆனால் மணம் வரும்வரை காத்திராமல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. அருகில் அடுப்போ சூடாக்கியோ எரியக் கூடாது.

அடுத்தது பரப்பு. சுவர் அசையாது, கேன்வாஸ் அசையும். ஸ்டென்சிலை அழுத்திப் பிடித்தால் துணி உள்வாங்கி, விளிம்பின் அடியில் பெயின்ட் புகுந்துவிடும். கூர்மையான விளிம்புகளை நம்பி வேலை செய்பவர்களுக்கு மரப்பலகை மிகவும் பொருத்தம். கேன்வாஸ்தான் வேண்டுமென்றால், ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பின்பக்கம் ஓர் அட்டையைத் தாங்கலாக வைத்து வரையுங்கள். பூசாத துணியில் நேரடியாக அடித்தால் பெயின்ட் இழைகளுக்குள் இறங்கி மங்கிவிடும்.

தூரமும், ஸ்ப்ரே குப்பியின் முனையும் இங்கே வேறு கணக்கு. சுவரில் அகல முனையை வைத்து முழங்கையிலிருந்து வீசிய கோட்டை, ஒரு மீட்டர் பலகையில் மணிக்கட்டிலிருந்து இழுக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய முனையைப் பரப்புக்கு மிக அருகில், இரண்டு மூன்று சென்டிமீட்டரில் பிடித்து வேகமாக நகர்த்தினால் கூர்மையான கோடு வரும். ஒரு கணம் தயங்கினாலும் ஒழுகும். அதே முனையைப் பின்னால் இழுத்தால் ஓரங்களில் புள்ளிப்புள்ளியாகத் தூறல் விழும். சுவரில் அந்தத் தூறலை யாரும் கவனிப்பதில்லை, கேன்வாஸில் அது முகத்துக்கு நேராக நிற்கிறது. அதை மறைப்பதா, வேண்டுமென்றே பயன்படுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்; இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கவனக்குறைவாகத் தெரியும். குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து முனையைக் காலிசெய்யும் பழக்கத்தை மட்டும் தெருவிலிருந்து அப்படியே கொண்டுவாருங்கள்.

நிலைத்தன்மை பற்றியும் யோசிக்க வேண்டும். சுவரில் வரைந்தது நிலைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் அது நிலைக்கும் என்று எதிர்பார்ப்பார். ஒளிரும் ஃப்ளோரசன்ட் வண்ணங்கள் வெளிச்சத்தில் விரைவாக மங்கும். அவற்றைப் பயன்படுத்தினால் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெவ்வேறு வகைப் பெயின்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்குமுன், வீணான பலகையில் அதே வரிசையில் அடித்துச் சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். மேற்பூச்சு சுருங்கினால் அல்லது வெடித்தால் அங்கேயே தெரிந்துவிடும். முழுமையாகக் காய்ந்த பிறகு புற ஊதாக் கதிர்த் தடுப்புள்ள வார்னிஷ் பூசலாம்.

படைப்பின் பின்பக்கத்தில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றை எழுதுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. பொட்டலம் கட்டும்போது குமிழ்த்தாளை ஓவியத்தின்மேல் நேரடியாகச் சுற்றக் கூடாது. வார்னிஷ் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் வெப்பத்தில் இளகி, குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் பரப்பு முழுதும் பதிந்துவிடும். அதைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. வழவழப்பான கிளாசின் தாளை முதலில் வைத்து, அதற்கு மேலே குமிழ்த்தாளை, குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி சுற்றுங்கள்.

முதல் கதவு

பெரிய காட்சிக்கூடத்தின் கதவை நேராகத் தட்டுவதில் பயன் குறைவு. பாஸ்கியாவின் பாதையைக் கவனித்தால் படிகள் தெளிவாகத் தெரியும். 1980 ஜூனில், கலைஞர்களே கூடி ஒரு பழைய கட்டடத்தில் நடத்திய டைம்ஸ் ஸ்கொயர் கண்காட்சியில் அவர் கலந்துகொண்டார், 1981இல் நியூயார்க்கின் பி.எஸ்.1 கலை மையத்தில் டியேகோ கோர்டெஸ் தொகுத்த ‘நியூயார்க்/நியூ வேவ்’ குழுக் கண்காட்சியில் இடம்பெற்றார். அதைப் பார்த்தவர்கள் வழியாகவே காட்சிக்கூட உரிமையாளர்களின் பார்வை அவர்மேல் விழுந்தது. அன்னினா நோசெய் தமது கூடத்தின் அடித்தளத்தை அவருக்கு வேலை செய்ய ஒதுக்கி, 1982இல் அமெரிக்காவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். கலைஞர்கள் நடத்தும் இடம், குழுக் கண்காட்சி, பிறகு தனிக் கண்காட்சி என்ற வரிசை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

நீங்கள் அணுக நினைக்கும் கூடங்களின் கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அங்கே காட்டப்படும் படைப்புகளோடு உங்களுடையதை ஒரே சுவரில் மாட்டினால் பேச்சு நடக்குமா என்று எண்ணிப் பார்த்து, நடக்காது என்று தோன்றினால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மற்றொருவரின் தொடக்க விழாவில் உரிமையாளரைப் பிடித்துக் கைபேசியில் படங்களைக் காட்டுவது அநாகரிகம் மட்டுமல்ல, பயனற்றதும்கூட. அன்று அவர் கவனமெல்லாம் வாங்க வந்தவர்மேல் இருக்கும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். யார், என்ன தொடரில் வேலை செய்கிறீர்கள், அந்தக் கூடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற மூன்றும், ஐந்தாறு படங்களும், முழுத் தொகுப்பைப் பார்ப்பதற்கான இணைப்பும் போதும். முழுத் தொகுப்பில் புதிய தொடரை முதலில் வையுங்கள். சுவர்ப் படங்கள் பின்னால் வரட்டும், அதிலும் அனுமதியோடு வரைந்தவை மட்டும். அனுமதியில்லாத சுவரின் படத்தைத் தேதியோடும் கையெழுத்தோடும் அனுப்புவது, தேவைப்பட்டால் உங்களுக்கு எதிராகவே பயன்படக்கூடிய வாக்குமூலம். கலைஞர் அறிக்கையில் ‘தெருவின் குரல்’, ‘எல்லைகளை உடைப்பது’ போன்ற தேய்ந்த சொற்றொடர்களைத் தவிர்த்து, எதை எதனால் எப்படிச் செய்கிறீர்கள் என்று எளிமையாக எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்டூடியோவுக்கு வருகிறேன் என்று தேர்வாளர் சொன்னால், முடிந்த படைப்புகளைச் சுவரில் மாட்டி, முடியாத ஒன்றிரண்டையும் கண்ணில் படும்படி வையுங்கள். பெரும்பாலும் அவர்கள் அதிக நேரம் நிற்பது முடியாத படைப்பின் முன்னால்தான். பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கும்.

விலையும் ஒப்பந்தமும்

தெருவில் வரைந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பேசித்தீர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் காகிதம் என்றாலே அலுப்பு. ஆனால் காட்சிக்கூடத்துடனான உறவு முழுவதும் ஒப்பந்தத்தால் நடப்பது. வழக்கமாகப் படைப்புகளை நீங்கள் கூடத்துக்கு விற்பதில்லை. விற்றுத் தருவதற்காக ஒப்படைக்கிறீர்கள். விற்றால் கூடம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், பொதுவாக அது பாதி. பாதியா என்று அதிர்ச்சியடைய வேண்டாம். வாடகை, விளம்பரம், வாங்குபவர்களுடன் பல ஆண்டுகளாகப் பேணிய தொடர்பு ஆகியவை அந்தப் பாதியில் அடங்குகின்றன. அந்தப் பங்குக்கு ஈடாக அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே உங்கள் வேலை.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு படைப்பின் தலைப்பும் அளவும் விற்பனை விலையும் பட்டியலாக இருக்க வேண்டும். தள்ளுபடி கொடுத்தால் எத்தனை விழுக்காடு வரை, அது யாருடைய பங்கிலிருந்து கழியும் என்பது தெளிவாக வேண்டும். இது இல்லாததால் வரும் தகராறுகளே அதிகம். விற்ற பணம் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், முழுப் பணமும் வரும்வரை படைப்பின் உரிமை உங்களுடையதே, ஸ்டூடியோவிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து திரும்பி வரும்வரை காப்பீடு யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு இரு வழிக்கும் யாருடையது, ஒப்படைப்பு எந்தத் தேதியில் முடிகிறது, வேறு கூடங்களில் காட்டத் தடை இருந்தால் எந்த நகரத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பவை மற்றவை. காப்புரிமையைக் கூடத்துக்கோ வாங்குபவருக்கோ மாற்றித் தரும் வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை தேடுங்கள்.

விலையை உயரமும் அகலமும் கூட்டி ஒரு எண்ணால் பெருக்கி நிர்ணயிக்கும் முறை எளிது. ஒரே தொடருக்குள் குழப்பம் வராது. தொடக்க விலையைத் தாழ்வாகவே வையுங்கள். விலையை ஏற்றுவது எளிது, இறக்குவது முன்பு வாங்கியவர்களை அவமதிப்பதாகும். கூடத்தில் ஒரு விலையும் ஸ்டூடியோவில் நண்பர்களுக்கு ஒரு விலையும் சொன்னால், அது கூடத்தின் காதுக்கு எட்டாமல் இருக்காது. அச்சுப் பிரதிகள் வெளியிட்டால் மொத்தம் எத்தனை என்பதை முன்பே அறிவித்து, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டுக் கையொப்பமிட்டு, அந்த எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள்.

புனைபெயரும் பெயர்த்தெடுத்த சுவரும்

புனைபெயரிலேயே தொடரலாம், ஆனால் உங்களுக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் காகிதம் உங்களிடமும் கூடத்திடமும் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்சி மலர் வீசும் மனிதனின் படத்தை ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தார். 2020இல் அந்தப் பதிவு ரத்து செய்யப்பட்டபோது, முகம் காட்டாத ஒருவரால் காப்புரிமையை நிலைநாட்டுவது கடினம் என்பதும் பேசப்பட்டது. அவரைப்போல, உண்மைச் சான்று வழங்குவதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் வசதி மற்றவர்களுக்கு இராது. ஒவ்வொரு படைப்போடும் புகைப்படமும் கையொப்பமும் பதிவேட்டு எண்ணும் உள்ள சான்றிதழ் ஒன்றைக் கொடுப்பதே போதுமானது.

பெயர் வளர்ந்த பிறகு, உங்கள் பழைய சுவரையே பெயர்த்தெடுத்து விற்க யாராவது முற்படலாம். லண்டனின் வுட் கிரீனில் ஒரு கடைச் சுவரிலிருந்த பாங்க்சியின் படம் 2013 பிப்ரவரியில் பெயர்க்கப்பட்டு மயாமி ஏலத்துக்குப் போனது. அப்பகுதி மக்களின் எதிர்ப்பால் அங்கே திரும்பப் பெறப்பட்டாலும், அதே ஆண்டில் லண்டனில் விற்பனைக்கு வந்தது. 2016இல் போலோன்யா நகரில் தெருவிலிருந்து எடுத்த படைப்புகளை வைத்துக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானபோது, இத்தாலிய ஓவியர் ப்ளூ தமது சுவரோவியங்களைத் தாமே சாம்பல் வண்ணம் பூசி அழித்தார். உங்கள் நிலைப்பாடு எதுவானாலும் அதை முன்பே தீர்மானித்து, தெருவில் இருப்பவற்றுக்குச் சான்றிதழ் தரமாட்டேன் என்றால் அதைக் கூடத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சான்றிதழ் இல்லாத சுவர்த்துண்டை ஏலத்துக்கு ஏற்கப் பெரிய ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்கும்.

நிறுவனங்கள் உங்கள் சுவரை விளம்பரத்தின் பின்னணியாகப் பயன்படுத்தினால், முதலில் படத்தையும் தேதியையும் சேமித்துக்கொண்டு, பிறகு கடிதம் எழுதுங்கள்.

மாட்டுவதும் இறக்குவதும்

கூடத்தில் மாட்டும்போது படைப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது வழக்கம். பன்னிரண்டு படைப்புகளையும் மாட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். தெருவில் வெறுமையான சுவரைக் கண்டால் நிரப்பத் துடிக்கும் கைக்கு, இங்கே இடத்தைக் காலியாக விடுவது கடினமாகத்தான் இருக்கும். கூடத்தின் சுவரிலேயே நேரடியாக ஒன்று வரையச் சொல்லிக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கண்காட்சி முடிந்ததும் அதன்மேல் வெள்ளை அடிக்கப்படும் என்பதையும், அதற்கான கூலி எவ்வளவு என்பதையும், படமெடுக்க ஒருநாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். உள்ளடக்கம் பற்றியும் முன்வரைவைக் காட்டி ஒப்புதல் பெறுவது நல்லது. லாஸ் ஏஞ்சலிஸின் மோக்கா அருங்காட்சியகம் 2010 டிசம்பரில், தானே அழைத்து வரையச் சொன்ன ப்ளூவின் சுவரோவியத்தை, டாலர் தாள்கள் போர்த்திய சவப்பெட்டிகள் போர்வீரர் நினைவிடத்துக்கு அருகில் இருக்கக் கூடாது என்று கருதி உடனே வெள்ளையடித்தது.

கண்காட்சி முடிந்த வாரத்திலேயே விற்றவை, விற்காதவை, பேச்சில் இருப்பவை என்ற பட்டியலைக் கூடத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வரும் படைப்புகளை, கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன்பே பிரித்து, மூலைகளையும் விளிம்புகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சேதம் இருந்தால் படமெடுத்துப் பெறுகைச் சீட்டிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர்களின் பெயரைச் சில கூடங்கள் தர மறுக்கும். அப்படியானால், பின்னாளில் அருங்காட்சியகம் ஏதாவது அந்தப் படைப்பைக் கடனாகக் கேட்டால் கூடம் தகவலை அனுப்பிவைக்கும் என்ற உறுதியையாவது பெற்றுக்கொள்ளுங்கள். விற்காத படைப்புகளை உடனே வேறு கூடத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒப்படைப்புக் காலம் முடியும் தேதியைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, அதற்குள் கூடத்திலிருந்து புதிய விசாரிப்பு வருகிறதா என்று கேட்டு, அதன்பிறகு அடுத்த தொடரின் திட்டத்தோடு பேசத் தொடங்கலாம்.